பிக்கப் வண்டிக்கு எங்கே ஜாக்கி வைப்பது? கேள்வி பதில்

பிக்கப் வண்டியைத் தூக்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் கீழே. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாக்கிவிட்டேன். நான் சொல்வதும் வண்டியின் கையேடு சொல்வதும் முரண்பட்டால் கையேட்டையே நம்புங்கள். வண்டியைச் செய்தவர்களுக்கு என்னைவிட அதிகம் தெரியும்.

கேள்வி: பழைய வண்டி வாங்கினேன், கையேடு இல்லை. குனிந்து பார்த்தால் அடியில் எல்லாமே இரும்பாகத்தான் தெரிகிறது. எது தாங்கும், எது தாங்காது?

பதில்: முதலில் தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் தேடுங்கள். பெரும்பாலான மாடல்களுக்குக் கையேடு இலவசமாகவே கிடைக்கும். அதில் ‘சக்கரம் மாற்றுதல்’ என்ற பகுதியில் ஜாக்கி வைக்கும் இடங்கள் படத்தோடு இருக்கும்.

அதுவரைக்கும் ஒரு கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டு அடியில் பாருங்கள்: இந்த வண்டியின் எடை எந்த வழியாகத் தரைக்கு இறங்குகிறது? கூண்டு ரப்பர் தாங்கிகள் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதற்குப் பின்னால் சரக்குத் தொட்டி இருக்கிறது. அவற்றுக்குக் கீழே முன்னிருந்து பின்வரை இரண்டு நீளமான எஃகுச் சட்டங்கள், இடையிடையே குறுக்குச் சட்டங்கள், ஓர் ஏணியைப் படுக்கவைத்தது போல ஓடுகின்றன. அதுதான் சேசிஸ். சேசிஸிலிருந்து எடை ஸ்பிரிங்குக்கும், அங்கிருந்து ஆக்சிலுக்கும், பிறகு சக்கரத்துக்கும் போகிறது. ஜாக்கி வைக்கத் தகுந்த இடம் இந்தப் பாதையில்தான் இருக்கும். எண்ணெய்த் தொட்டி, கியர் பெட்டியின் அடித்தட்டு, எரிபொருள் தொட்டி, ரேடியேட்டரைத் தாங்கும் தகடு, ஸ்டியரிங் தண்டுகள் எல்லாம் இரும்பாக இருந்தாலும் இந்தப் பாதையில் இல்லை. அவை தம் எடையைத் தாங்கினாலே பெரிது.

கேள்வி: பின்பக்கம் ஆக்சிலின் நடுவில் குடம் போலப் புடைத்திருக்கிறதே, அங்கே ஒரே ஜாக்கி வைத்து இரண்டு சக்கரங்களையும் தூக்கலாமா?

பதில்: அந்தக் குடத்துக்குள் இருப்பது டிஃபரன்ஷியல், அதாவது இன்ஜினின் சுழற்சியை இரண்டு பின்சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கர அமைப்பு. சில நிறுவனங்கள் அதை அனுமதிக்கின்றன, சில வெளிப்படையாகத் தடுக்கின்றன. கையேட்டில் அனுமதி கண்ணில் படாதவரை வேண்டாம் என்பதே என் பதில்.

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அப்படித்தான் தூக்கினேன். ஜாக்கியின் தலை வார்ப்பிரும்பு உடலில் உட்காராமல், பின்னால் இருக்கும் மெல்லிய தகட்டு மூடியில் பாதி ஏறியிருந்ததைக் கவனிக்கவில்லை. மூடி வளைந்தது. எண்ணெய் கசிவதை மூன்று நாள் கழித்து வண்டிக்காரர்தான் வந்து சொன்னார். பொருளும் போய் மானமும் போயிற்று.

பாதுகாப்பான இடம் ஆக்சில் குழாய். மாற்ற வேண்டிய சக்கரத்துக்கு அருகில், ஸ்பிரிங் பட்டைக்கு ஒட்டினாற்போல வையுங்கள். பட்டைகளுக்கு நேர் கீழே வேண்டாம். குழாய் உருண்டை என்பதால் ஜாக்கியின் தலை பள்ளமாக இருக்க வேண்டும். வண்டியோடு வரும் ஜாக்கிகள் பலவற்றில் அதற்காகவே தலையில் ஒரு குழிவு இருக்கும். தட்டையான தலை வழுக்கிவிடும். குழாயின் மேலும் பின்னும் பிரேக் குழாய் ஓடும். அது நசுங்கினால் சக்கரத்தை மாற்றிவிட்டுப் பிரேக் இல்லாமல் புறப்படுவீர்கள்.

கேள்வி: காரில் கதவுக்கு அடியில் விளிம்பில் வெட்டுக் குறி இருக்கும், அங்கே வைப்பேன். பிக்கப்பிலும் அப்படித்தானா?

பதில்: இல்லை. காருக்கு உடலே சட்டம். அந்த விளிம்பை அதற்கென்று கட்டியிருப்பார்கள். சேசிஸ் மேல் கட்டிய பிக்கப்பில் கதவுக்குக் கீழிருப்பது வெறும் தகடு. ஆனால் எல்லாப் பிக்கப்பும் ஏணிச் சட்டம் அல்ல. ஹோண்டா ரிட்ஜ்லைன், ஃபோர்டு மேவரிக், ஹூண்டாய் சான்டா குரூஸ் போன்றவை காரைப் போல ஒரே உடலாகக் கட்டியவை. அவற்றுக்குக் காரின் முறைதான்.

கேள்வி: பக்கவாட்டில் ஏறுவதற்கு உறுதியான படி பொருத்தியிருக்கிறேன். நான் ஏறி நின்றாலும் அசையாது. அதில் வைக்கலாமா?

பதில்: நீங்கள் 80 கிலோ இருப்பீர்கள். வண்டியின் ஒரு மூலை 500 கிலோவைத் தாண்டும். வைக்காதீர்கள்.

கேள்வி: முன்பக்கம் சேசிஸில் வைக்கச் சொல்கிறார் ஒருவர், கீழ்க்கையில் (முன்சக்கரத்தைச் சேசிஸோடு இணைத்து மேலும் கீழும் ஆடும் கை) வைக்கச் சொல்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: வண்டியைப் பொறுத்து இருவரும் சரியாக இருக்கலாம். எனக்குப் பிடித்தது சேசிஸ். முன்சக்கரத்துக்குச் சற்றுப் பின்னால் சட்டத்தின் தட்டையான அடிப்பாகம் ஜாக்கிக்கு நன்றாக இடம் கொடுக்கும். இரண்டு சக்கரங்களையும் தூக்க வேண்டுமானால், கையேடு காட்டும் முன் குறுக்குச் சட்டத்தில் டிராலி ஜாக்கி (சிறு உருளைகளில் நகரும் ஜாக்கி) வைக்கலாம். இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பாதுகாப்புத் தகட்டைக் குறுக்குச் சட்டம் என்று எண்ணிவிட வேண்டாம்.

கீழ்க்கையில் வைத்தால் சக்கரம் சட்டென்று எழும், அது உண்மை. ஆனால் கை மேலே போகப் போக வளைவாகச் சுழலும். ஜாக்கியின் தலை மெல்ல விளிம்புக்கு நகரும். கையேடு காட்டாவிட்டால் அதைத் தவிர்த்துவிடுவேன்.

கேள்வி: சேசிஸில் வைத்து ஜாக்கியை முழுவதும் ஏற்றினேன். வண்டி உயர்ந்தது, சக்கரம் மட்டும் தரையிலேயே இருக்கிறது. ஜாக்கிக்குக் கீழே செங்கல் வைக்கலாமா?

பதில்: செங்கல்லும் வேண்டாம், உள்ளே பொந்துள்ள கான்கிரீட் கல்லும் வேண்டாம். இரண்டும் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். உயரம் தேவையென்றால் அகலமான, விரிசலில்லாத கெட்டி மரப்பலகை வையுங்கள். அதுவும் ஒன்றுதான், பலகைக் கோபுரம் கட்ட வேண்டாம்.

சக்கரம் எழாததற்குக் காரணம் இதுதான்: சேசிஸ் உயரும்போது அமுங்கியிருந்த ஸ்பிரிங் விரிந்து சக்கரத்தைக் கீழே தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்த விரிவு முடிந்த பிறகுதான் சக்கரம் எழும். பின்பக்கம் ஆக்சிலில் வைத்தால் இந்தத் தொல்லையே இல்லை. ஆனால் ஷாக் அப்சார்பரையோ ஸ்பிரிங்கையோ கழற்றுவதாக இருந்தால் சேசிஸில்தான் தூக்க வேண்டும். ஆக்சில் தொங்காமல் அதற்குத் தனியாக முட்டும் கொடுக்க வேண்டும்.

கேள்வி: ஆட்டோமேடிக் வண்டி. கியரைப் ‘பி’யில் (பார்க் நிலையில்) போட்டுவிட்டுப் பின்சக்கரம் ஒன்றைத் தூக்கினேன். கைப்பிரேக் போடவில்லை. வண்டி நகர்ந்து ஜாக்கியைச் சாய்த்துவிட்டது. ‘பி’ பூட்டவில்லையா?

பதில்: பூட்டியது. ஆனால் அது பூட்டுவது கியர் பெட்டியிலிருந்து வெளியே வரும் தண்டை, சக்கரங்களை அல்ல. தண்டு நின்றாலும், சாதாரண டிஃபரன்ஷியல் ஒரு பின்சக்கரம் முன்னோக்கியும் மற்றது பின்னோக்கியும் சுழல விட்டுவிடும். இரண்டும் தரையில் இருக்கும்வரை அது நடக்காது. ஒன்று காற்றில் இருந்தால் அது சுதந்திரமாகச் சுற்றும். தரையில் இருப்பது உருளும். மேனுவல் வண்டியைக் கியரில் போட்டு நிறுத்தினாலும் கதை இதேதான்.

கைப்பிரேக் போட்டிருந்தால் தரையிலிருந்த சக்கரம் பிடித்திருக்கும். ஆனால் பெரும்பாலான பிக்கப்களில் கைப்பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டும்தான். பின்பக்கத்தை முழுவதும் தூக்கினால் கைப்பிரேக், ‘பி’ இரண்டும் காற்றில் நிற்கும் சக்கரங்களைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். ஆகவே சமதளத்தில் நிறுத்தி, தரையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை போடுங்கள். ஒரு மூலையைத் தூக்கும்போது அதற்கு எதிர்மூலைச் சக்கரத்துக்கு.

நான்கு சக்கர இயக்க வண்டிக்காரர்களுக்குத் தனியாக ஒன்று: முன், பின் ஆக்சில்களுக்குச் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும், கையால் மாற்றும் டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் ‘பி’ எந்தச் சக்கரத்தையும் பிடிக்காது. ஜாக்கியை எடுப்பதற்கு முன் அதைப் பாருங்கள்.

கேள்வி: எண்ணெய் மாற்றப் பத்து நிமிடம் போதும். அதற்கும் தூக்கிய வண்டியைத் தாங்கும் ஸ்டாண்ட் வேண்டுமா ஐயா?

பதில்: வேண்டும். ஜாக்கி தூக்குவதற்கான கருவி, தாங்குவதற்கானது அல்ல. ஹைட்ராலிக் ஜாக்கிக்குள் எடையைப் பிடித்து நிறுத்துவது சிறிய ரப்பர் வளையங்களும் ஒரு வால்வும்தான். அவை கசிய எத்தனை நிமிடம் என்று கணக்கு எதுவும் கிடையாது.

ஸ்டாண்டைச் சேசிஸ் சட்டத்தின் கீழோ ஆக்சில் குழாயின் கீழோ வையுங்கள். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். வண்டியை மெதுவாக அவற்றின்மேல் இறக்கி, உள்ளே போவதற்கு முன் பக்கத்தில் கைவைத்து நன்றாகக் குலுக்குங்கள். விழுவதாக இருந்தால் இப்போதே விழட்டும். வெயிலில் இளகிய தார்த்தளத்தில் ஸ்டாண்டின் கால்கள் புதையும். அடியில் கெட்டிப் பலகை போடுங்கள்.

கேள்வி: சரளைக்கல் தரையில் டிராலி ஜாக்கி வைத்தால் பாதியில் சறுக்குகிறது. ஜாக்கி கெட்டுவிட்டதா?

பதில்: ஜாக்கி நன்றாகவே இருக்கிறது. அதன் கை வளைவாக எழுவதால், உயர உயர ஜாக்கி வண்டிக்கு அடியில் சற்று உருண்டு போக வேண்டும். சரளையில் சின்ன உருளைகள் சிக்கிக்கொள்கின்றன. அப்போது வண்டி நகரும் அல்லது தலை சறுக்கும். அங்கே பாட்டில் ஜாக்கியைப் பலகைமேல் நிமிர்த்தி வைத்து வேலை செய்யுங்கள்.

கேள்வி: வண்டி 2 டன், என்னிடமும் 2 டன் ஜாக்கி. போதுமா?

பதில்: ஒரு மூலையைத் தூக்கப் போதும்; முழு எடையும் ஒரே நேரத்தில் ஜாக்கிக்கு வராது. ஆனால் காலி வண்டியில் இன்ஜின் இருக்கும் முன்பக்கமே கனம், சரக்கு ஏற்றினால் பின்பக்கத்தின் கனமும் கூடும். சரக்கை இறக்கிவிடுங்கள். 3 டன் ஜாக்கி இருந்தால் எனக்கு நிம்மதி. ஸ்டாண்ட் வாங்கும்போது, எழுதியிருக்கும் எடை ஒன்றுக்கா ஜோடிக்கா என்று படித்துப் பாருங்கள்.

கேள்வி: ஸ்டெப்னி தொட்டிக்கு அடியில் தொங்குகிறது. எந்த வரிசையில் வேலை செய்வது?

பதில்: தூக்குவதற்கு முன்பே ஸ்டெப்னியை இறக்கி வெளியே எடுத்துவிடுங்கள். தூக்கிய வண்டிக்கு அடியில் படுத்து அதன் சங்கிலியோடு மல்லுக்கட்டுவது மிகத் தவறான வரிசை. அடுத்தது, சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைப் பாதிச் சுற்றுத் தளர்த்துங்கள். காற்றில் இருக்கும்போது ஸ்பேனரை மிதித்தால் வண்டியே ஆடும். பிறகு தூக்குங்கள். நட்டுகளை எதிரெதிராகக் கையால் முறுக்கி, இறக்கிய பின் முழு இறுக்கம் கொடுங்கள். இறுக்கத்தின் அளவு சில வண்டிகளில் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டியும் சிலவற்றில் 200ஐ ஒட்டியும் இருக்கும், கையேட்டில் பாருங்கள். 100 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி இன்னொரு முறை நட்டுகளைச் சோதியுங்கள்.