ஸ்மோக்கி ஐ: கண்ணைக் கட்டிப்போடும் சந்தேகங்கள்

12 வருடமாக மற்றவர்களின் இமை மேல்தான் என் பிழைப்பு. இந்த முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஸ்மோக்கி ஐ பற்றியவை, அதாவது இமையில் அடர் நிறத்தைப் புகை மாதிரி கலைத்துவிடும் கண் மேக்கப் பற்றியவை.

கேள்வி: அக்கா, வீடியோவைப் பார்த்து அப்படியேதான் செய்கிறேன். அவர்களுக்குப் புகை மாதிரி வருகிறது, எனக்கு யாரோ குத்துவிட்ட மாதிரி வருகிறது. எங்கே தப்பு?

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். கறுப்பு கூடிவிட்டது என்று நினைத்திருப்பீர்கள். கூடியது கறுப்பு இல்லை, விளிம்பு. புகை கிளம்புகிற இடத்தில் அடர்த்தியாக இருக்கும். எங்கே முடிந்தது என்று காட்டவே முடியாது. இமையிலும் அப்படித்தான். இமைமுடி ஓரத்தில் கருமை, மேலே போகப்போக ஒன்றுமில்லாமல் ஆக வேண்டும்.

கறுப்பைத் தொடும் முன், உங்கள் தோலைவிட இரண்டு படி அடர்ந்த மேட் (மினுமினுப்பில்லாத) பழுப்பு ஐஷேடோவை, புசுபுசுவென்ற பிரஷில் எடுத்து இமை மடிப்பில் கார் வைப்பர் மாதிரி இடவலமாக ஓட்டுங்கள். கறுப்பு வந்து கரைவதற்கான இடம் இது. நிறைய பேர் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அப்புறம் கண் மை பென்சில். இமைமுடியை ஒட்டித் தடியாக ஒரு கோடு. கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை, எப்படியும் கலைக்கத்தான் போகிறோம். ஆனால் உடனே கலைக்க வேண்டும். நீடித்து நிற்கும் பென்சில்கள் ஒரு நிமிடத்துக்குள் இறுகிவிடும், பிறகு அசையாது. அதனால் ஒரு கண்ணை முடித்துவிட்டே அடுத்த கண்ணுக்குப் போங்கள். கலைத்த மையின் மேல் அடர் ஐஷேடோவைத் தேய்க்காமல் ஒற்றி ஒற்றி வையுங்கள்.

கடைசியாக, எந்த நிறமும் எடுக்காத சுத்தமான பிரஷ். காம்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு விளிம்பில் மட்டும் சின்னச் சின்ன வட்டங்கள். பூசுவதற்கு ஒரு பங்கு நேரம் என்றால் இதற்கு மூன்று பங்கு கொடுங்கள்.

கேள்வி: கன்னம் முழுக்கக் கறுப்புத் தூள் உதிர்கிறது. துடைத்தால் இன்னும் பரவுகிறது.

கண்ணை முதலில் முடியுங்கள், ஃபவுண்டேஷன் பிறகு. தொழிலுக்கு வந்த புதிதில் முகத்தை அழகாக முடித்துவிட்டுக் கண்ணுக்குப் போனேன். பத்தே நிமிடம், கரி மூட்டைக்குள் எட்டிப் பார்த்தவர் மாதிரி ஆகிவிட்டார் அந்தப் பெண். எல்லாவற்றையும் கழுவிவிட்டு ஆரம்பத்திலிருந்து! பிரஷை ஒரு தட்டு தட்டிவிட்டு இமைக்குக் கொண்டுபோங்கள். உதிர்ந்ததை விரலால் தொடாதீர்கள், உலர்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள்.

கேள்வி: நான் நல்ல கறுப்பு. சாம்பல் நிறம் போட்டால் திருநீறு பூசின மாதிரி இருக்கிறது.

வெளிர் சாம்பல் ஷேடுகளில் வெள்ளை கலந்திருக்கும், அதுதான் வெளுத்துத் தெரிகிறது. உங்களுக்குக் கத்தரிப்பூ ஊதா, அடர் பச்சை, செம்பு எல்லாம் பிரமாதமாக எடுக்கும். ஓரத்தில் மட்டும் கறுப்பு போதும். உங்கள் தோலில் இந்த நிறங்கள் பளிச்சென்று தெரிவதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட வரும்.

கேள்வி: கண்ணை மூடினால் அழகாக இருக்கிறது. திறந்தால் போட்டது எதுவுமே தெரியவில்லை.

இமையின் மேல்தோல் மடிந்து இறங்கும் கண் உங்களுடையது. கண்ணை மூடிக்கொண்டு அளவெடுக்காதீர்கள். கண்ணாடியை நேராகப் பார்த்து, கண் திறந்தபடியே, மடிப்புக்குச் சற்று மேலே பழுப்பால் குறி வையுங்கள். அந்தக் குறிதான் இனி உங்கள் மடிப்பு. கண்ணை மூடினால் ரொம்ப மேலே ஏறிவிட்டதாகத் தோன்றும். தோன்றட்டும், ஊர் பார்க்கப் போவது திறந்த கண்ணைத்தான்.

கேள்வி: இரண்டே மணி நேரத்தில் மடிப்பில் கோடு கோடாகத் திரண்டுவிடுகிறது.

இமையில் எண்ணெய்ப் பசை. அங்கே கிரீம் தடவாதீர்கள். ஷேடோவுக்கு முன் இமையில் பூசும் ஐ பிரைமர், இல்லையென்றால் கறை மறைக்கும் கன்சீலர் மெல்லிசாக. கன்சீலர் என்றால் மேலே கொஞ்சம் பவுடர் ஒற்றுங்கள், ஈரத்தில் ஷேடோ திட்டுத்திட்டாகப் பிடிக்கும்.

கேள்வி: கான்டாக்ட் லென்ஸ் போடுகிறேன். கண்ணின் உள்விளிம்பில் காஜல் தீட்டலாமா?

பார்க்க அழகுதான், ஆனால் உங்களுக்கு வேண்டாம். அந்த விளிம்பில் எண்ணெய்ச் சுரப்பிகளின் வாய்கள் இருக்கின்றன. அங்கே தீட்டும் மை கண்ணீரில் கலந்து லென்ஸில் படியும். இமைமுடிக்கு வெளியே நிறுத்திக்கொள்ளுங்கள். லென்ஸைப் போட்டுவிட்டு மேக்கப். இரவில் லென்ஸைக் கழற்றிவிட்டுத்தான் மேக்கப்பை எடுக்க வேண்டும். இன்னொன்று, லென்ஸ் போடாதவர்களுக்கும்: என்ன சேர்ந்திருக்கிறது என்று லேபிள் இல்லாத மையைக் கண்ணில் வைக்காதீர்கள். சிலவகை சுர்மாவில் (கண்ணில் இடும் மைப்பொடி) ஈய சல்ஃபைடு இருக்கும்.

கேள்வி: எனக்கு 56 வயதாகிறது. இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

தாராளமாகப் பொருந்தும் அம்மா. மினுமினுப்பு சுருக்கத்தில் போய் உட்காரும், அதனால் மேட் பழுப்பு. கீழிமையில் கைவைக்காதீர்கள், அல்லது நிழல் மாதிரி லேசாக.

கேள்வி: பழைய மஸ்காராவையே போடலாமா?

திறந்து 3 மாதம் ஆகிவிட்டால் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: இரவில் எவ்வளவு தேய்த்தாலும் காலையில் கண்ணைச் சுற்றிக் கறுப்பு.

தேய்ப்பதுதான் பிரச்சினை. எண்ணெயும் நீரும் இரண்டு அடுக்காக நிற்கும் ரிமூவரைக் குலுக்கிப் பஞ்சில் ஊற்றி, மூடிய இமை மேல் 20 எண்ணும்வரை வைத்திருங்கள். பிறகு மேலிருந்து கீழாக ஒரே இழுப்பு. இமைமுடி வேரில் மிச்சமிருப்பதைக் காதுக்குச்சியால் எடுங்கள். அடுத்த கண்ணுக்குப் புதுப் பஞ்சு.