நாய் பிடிக்கும் என்பது மட்டும் போதாது அம்மா

அம்மா, வணக்கம்.

பள்ளிப் படிப்பை முடிக்கப்போகிற மகள் மோப்ப நாய்ப் பயிற்சிக்குத்தான் போவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கிறாள், இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். வேலைதான். விமான நிலையம், சுங்கம், சிறை, ராணுவம், தனியார் பாதுகாப்பு என்று பல இடங்களில் இதற்கு ஆள் தேவைப்படுகிறது. நாளைக்கு இயந்திரம் வந்து இந்த வேலையைப் பறித்துவிடும் என்ற பயமும் இப்போதைக்கு வேண்டாம். கையில் கொடுத்த பையைக் கருவி சோதித்துவிடும். நூறு பைகளுக்கு நடுவே காற்றில் வரும் வாசனையைப் பிடித்து, அதன் மூலத்தைத் தேடிப் போய் நிற்பதற்கு நாய்தான் வேண்டும்.

என் கவலை வேறு. "எனக்கு நாய்னா உயிர்" என்று வருகிற பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்: மாதக்கணக்கில் கூடவே வைத்து வளர்த்த நாயை, "இது தேறாது" என்று எழுதிக் கையெழுத்துப் போட உனக்கு மனசு வருமா? இந்தத் தொழிலில் அது அடிக்கடி நடக்கும். பெரும்பாலான நாய்கள் நல்ல நாய்கள்தான், ஆனால் வேலை நாய்கள் இல்லை.

தேர்வு எப்படி நடக்கிறது என்று பார்த்தால் உங்களுக்கே விளங்கும். நாயின் கண் முன்னால் ஒரு பந்தை உயரமான புல்லுக்குள் எறிவார்கள். உடனே விடமாட்டார்கள். கழுத்துப்பட்டையைப் பிடித்து இரண்டு சுற்று சுற்றி, திசையை மறக்கடித்துவிட்டுத்தான் விடுவார்கள். சில நாய்கள் அரை நிமிடம் தேடிவிட்டு, "நீயே எடுத்துக் கொடு" என்பதுபோல் மனிதன் முகத்தைப் பார்க்கும். வேண்டியது அந்த நாய் இல்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல், மூக்கைத் தரையில் பதித்தபடி, எடுத்தே தீருவேன் என்று தேடிக்கொண்டே இருக்கும் நாய்தான் வேண்டும். அதே நாய் வழுக்குகிற தரையில் கால் வைக்குமா, இருட்டான படியில் ஏறுமா, பக்கத்தில் இரும்புத் தகடு விழுந்தால் பதறி ஓடாமல் நிற்குமா என்பதையும் பார்ப்பார்கள். எத்தனை துறுதுறுப்பு இருந்தாலும் பயந்த சுபாவம் என்றால் கழிவுதான்.

இனம் அடுத்தபடிதான். காவலுக்கும் மோப்பத்துக்கும் சேர்த்து ஒரே நாய் வேண்டுமென்றால் பெல்ஜியன் மாலினாய்ஸ், ஜெர்மன் ஷெப்பர்ட். கூட்டத்துக்குள் போய் மோப்பம் மட்டும் பிடிக்க லாப்ரடார், ஸ்பானியல். இவற்றைப் பார்த்து ஜனங்கள் மிரளமாட்டார்கள் என்பதும் ஒரு காரணம்.

இனவிருத்தியைத்தான் மகள் சொந்தத் தொழிலாக யோசிக்கிறாள் போலிருக்கிறது. அங்கே கொஞ்சம் கையைப் பிடித்து நிறுத்துங்கள். சினைக்காலம் சுமார் 63 நாள்தான். ஆனால் சேர்த்த ஜோடி சரியா என்பது, அந்தக் குட்டிகள் ஒன்றரை, இரண்டு வயதாகி வேலைக்குத் தேறும்போதுதான் தெரியும். இடுப்பு மூட்டுக் கோளாறு இருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்து உறுதிப்படுத்தவும் ஏறக்குறைய அந்த வயதாக வேண்டும். அதுவரை தீனி, மருத்துவம், ஆள் செலவு எல்லாம் கைக்காசு. அமெரிக்க ராணுவம் டெக்சாஸில் சான் அன்டோனியோவிலுள்ள லாக்லண்ட் தளத்தில் சொந்தமாகவே குட்டி போடவைத்து வளர்க்கிறது. (அங்கே பிறந்த குட்டி என்று தெரிவதற்குப் பெயரின் முதல் எழுத்தை இரட்டித்து எழுதுவார்கள்.) அப்படியிருந்தும் தனக்கு வேண்டிய நாய்களில் பெரும்பகுதியை ஐரோப்பாவில்தான் வாங்குகிறது. லாக்லண்டில் பிறக்கும் குட்டிகளும் முதல் சில மாதங்கள் வளர்வது கூண்டில் இல்லை, தன்னார்வக் குடும்பங்களின் வீடுகளில். குட்டிப் பருவத்தில் பார்க்காத சத்தத்தையும் கூட்டத்தையும் பின்னால் பழக்குவது பெரும்பாடு. கால்நடை மருத்துவமோ விலங்கு மரபியலோ படித்துவிட்டு மகள் இந்தப் பக்கம் வந்தால் மதிப்பே தனி. வெறும் ஆசையோடு முதல் போடுவதற்கு நான் சம்மதிக்கமாட்டேன்.

மிச்சம் இருப்பது நாயைப் பழக்கும் பயிற்றுநர் வேலையும், பழகிய நாயைக் கயிற்றில் பிடித்துத் தேடலுக்குக் கூட்டிப்போகும் கையாளுநர் வேலையும். பார்க்கிறவர்களுக்கு நாய்தான் எல்லாம் செய்வதுபோல் தெரியும். உண்மையில் பாதி வேலை கயிற்றின் மறுமுனையில் இருக்கிறது. வரிசையாகப் பெட்டிகளை முகர்ந்துகொண்டே போகிற நாய், வாசனை பட்ட நொடியில் தாண்டிப்போன பெட்டிக்குத் தலையை வெடுக்கென்று திருப்பும். திறந்திருந்த வாய் மூடும், மூச்சு சின்னச் சின்னதாகும், வாலின் வேகம் மாறும். அதற்கப்புறம்தான் உட்காரும். வெடிபொருள் நாயைப் பிறாண்டாமல் குரைக்காமல் உட்கார மட்டுமே பழக்குவார்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை. உட்காருவதற்கு முந்தைய அந்த மாற்றத்தைப் படிக்கத் தெரிந்தவர்தான் கையாளுநர்.

நாயும் நம்மைப் படிக்கிறது என்பதுதான் சிக்கல். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2011-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு நாயும் அதன் கையாளுநரும் சேர்ந்த 18 ஜோடிகள், 144 தேடல்கள். எந்த அறையிலும் போதைப்பொருளோ வெடிபொருளோ வைக்கவே இல்லை. ஆனால் வைத்திருக்கக்கூடும் என்று கையாளுநர்களிடம் சொல்லியிருந்தார்கள். நாய் "இங்கே இருக்கிறது" என்று ஒரு தடவைகூடத் தவறாகக் காட்டாமல் முடிந்தவை 21 தேடல்கள்தான். ஆள் ஓர் இடத்தில் சற்றே நின்றாலும், கயிறு லேசாக இறுகினாலும் நாய்க்கு அது போதும். ஆகவே தன் சந்தேகத்தை நாயின் மேல் ஏற்றாத மனசும், நாய் தப்புச் செய்த நாளையும் ஒளிக்காமல் பதிவேட்டில் எழுதுகிற நேர்மையும் வேண்டும். உங்கள் மகளிடம் அது இருக்கிறதா என்று என்னைவிட உங்களுக்கே தெரியும்.

கடிபடுமா என்று கேட்டிருந்தீர்கள். காவல் நாய்ப் பயிற்சியில் படும். தடித்த கைக்கவசத்தையும் மீறிக் கன்றிப்போகும். மோப்பப் பிரிவில் அது அபூர்வம். பெண்பிள்ளையாயிற்றே என்ற யோசனை வேண்டாம், நாய்க்கு அந்த வித்தியாசம் கிடையாது. முதல் வருடம் பெரும்பாலும் கூண்டு கழுவுவதும் தண்ணீர் வைப்பதும்தான், மழையானாலும் பண்டிகையானாலும். பயிற்சிப் பள்ளிக்குப் பணம் கட்டும் முன் ஒரு விடுமுறை முழுக்க ஏதாவது கென்னலிலோ (நாய்களைக் கூண்டில் வைத்துப் பராமரிக்கும் இடம்) விலங்குக் காப்பகத்திலோ இந்த வேலையைச் செய்யட்டும்.

அப்புறமும் ஆசை குறையவில்லை என்றால் பள்ளியைத் தேடுங்கள். பார்க்கப் போகும்போது, நாய் பாய்ந்து கடிக்கிற காட்சியைக் காட்டி மயக்கப் பார்ப்பார்கள். நீங்கள் கேட்க வேண்டியது இவைதான்: பொருள் எங்கே இருக்கிறது என்று கையாளுநருக்கும் தெரியாமல், கூட நிற்பவருக்கும் தெரியாமல் சோதனை வைக்கிறீர்களா, ஒன்றுமே வைக்காத அறையையும் தேடச் சொல்கிறீர்களா, அந்தப் பதிவேட்டைக் காட்ட முடியுமா? மழுப்பினால் வேறு பள்ளி பாருங்கள்.