குரிசுமலையில் ஐந்து நாள்: புறப்படுமுன் செய்ய வேண்டியவை

கேள்வி: பணி ஓய்வு பெற்ற ஆசிரியன் நான், மதுரையில் வசிக்கிறேன். நெடுநாள் படுக்கையில் இருந்த என் தாயார் சென்ற ஆண்டு காலமானார். அதன்பின் நானும் என் மனைவியும் சில நாள்கள் அமைதியான இடத்தில் செபத்தில் இருக்க விரும்புகிறோம். கேரளத்தில் வாகமண் அருகே குரிசுமலை ஆசிரமம் என்று கேள்விப்பட்டோம். எப்போது செல்வது, எப்படி இடம் கேட்பது, இலத்தீன் முறைக் கத்தோலிக்கர்களான நாங்கள் அங்குள்ள வழிபாட்டில் முழுமையாகப் பங்குகொள்ளலாமா? எனக்குச் சர்க்கரை நோயும் மூட்டு வலியும் உண்டு.

பதில்: தங்கள் தாயாரின் ஆன்ம இளைப்பாற்றிக்காக முதலில் வேண்டிக்கொள்கிறேன். நீண்ட நாள் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு, அந்தக் கடமை முடிந்தபின் வரும் களைப்பு துக்கத்தைவிட ஆழமாக இருக்கும். ஆகவே அமைதியைத் தேடும் தங்கள் எண்ணம் மிகச் சரியானது. ஆனால் எந்த வகை இடத்துக்குச் செல்கிறீர்கள் என்பதை முன்பே தெரிந்துகொண்டு செல்ல வேண்டும். நம் ஊர்களில் 'தியானம்' என்றால் பிரசங்கமும் பாடலும் குணமளிக்கும் வழிபாடும் காலை முதல் இரவு வரை நிறைந்திருக்கும் முகாமையே நினைக்கிறோம். குரிசுமலை அப்படிப்பட்ட இடம் அன்று. அங்கே தங்களுக்கென்று யாரும் நிகழ்ச்சி நடத்துவதில்லை. துறவிகள் தங்கள் செபத்தையும் உழைப்பையும் வழக்கம்போல் தொடர்வார்கள், விருந்தினர் அவர்களுடைய நாளுக்குள் சென்று அமர்வார். இந்த வேறுபாட்டை உணராமல் செல்பவர்கள்தான் இரண்டாம் நாளே ஏமாற்றத்துடன் திரும்புகிறார்கள்.

பெல்ஜியத்தைச் சேர்ந்த சிஸ்டர்சியன் துறவி பிரான்சிஸ் ஆச்சார்யாவும் ஆங்கிலேய பெனடிக்டைன் துறவி பீட் கிரிஃபித்ஸும் 1958ஆம் ஆண்டு அந்த மலையில் ஆசிரமத்தை நிறுவினார்கள். பீட் கிரிஃபித்ஸ் 1968இல் குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் காவிரிக் கரையிலுள்ள சாந்திவனம் ஆசிரமத்துக்கு வந்துவிட, பிரான்சிஸ் ஆச்சார்யா 2002இல் இறக்கும்வரை குரிசுமலையிலேயே இருந்தார். 1998இல் ஆசிரமம் டிராப்பிஸ்ட் எனப்படும் கண்டிப்பான சிஸ்டர்சியன் சபையின் மடமாக இணைக்கப்பட்டது. காவி உடை, தரையில் அமர்தல், சைவ உணவு, மாட்டுப் பண்ணை உழைப்பு, சிரிய மரபு வழிபாடு ஆகிய அனைத்தும் அங்கே ஒரே வாழ்க்கையாக இணைந்திருக்கின்றன.

தங்கள் கேள்வியில் மிக முக்கியமானது வழிபாடு பற்றியது. ஆசிரமம் சிரிய மரபைச் சேர்ந்த சீரோ மலங்கரா கத்தோலிக்கத் திருச்சபையின் முறையைப் பின்பற்றுகிறது. இத்திருச்சபை 1930 முதல் திருத்தந்தையோடு முழு ஒன்றிப்பில் இருப்பதால், இலத்தீன் முறையைச் சேர்ந்த தாங்கள் அங்குள்ள குர்பானாவில் (சிரிய மரபில் திருப்பலியின் பெயர்) பங்கேற்பதற்கும் நற்கருணை உட்கொள்வதற்கும் எந்தத் தடையும் இல்லை. எந்தக் கத்தோலிக்க வழிபாட்டு முறையிலும் நற்கருணை பெறலாம் என்று திருச்சபைச் சட்டம் 923ஆம் எண்ணில் கூறுகிறது, ஞாயிறு கடமையும் அதனால் நிறைவேறுகிறது என்பதை 1248ஆம் எண் உறுதிப்படுத்துகிறது. மொழி மலையாளமாக இருந்தால் முதல் நாள் அந்நியமாகத் தோன்றலாம்; அதற்காகக் கைப்பேசியில் மொழிபெயர்ப்பைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைய வாசகங்களை முன்கூட்டியே கேட்டறிந்து, தங்கள் தமிழ்த் திருவிவிலியத்தில் ஒருமுறை படித்துவிட்டுச் சென்று அமர்ந்தால் போதும்.

சிரிய மரபில் நாள் மாலையில் தொடங்குகிறது. 'ரம்சோ' எனும் மாலைச் செபமே அடுத்த நாளின் முதல் செபம். எனவே நண்பகல் கழித்து மலைக்கு வந்து சேர்ந்து, குளித்து, சற்றே இளைப்பாறி, அந்த மாலைச் செபத்தோடு தங்கள் தங்கலைத் தொடங்குமாறு பயணத்தை அமைத்துக்கொள்ளுங்கள். இரவில் களைப்போடு வந்து இறங்கி, மறுநாள் விடியுமுன் ஒலிக்கும் மணிக்கு எழ முடியாமல் தொடங்கும் ஐந்து நாளுக்கும், இவ்வாறு தொடங்கும் ஐந்து நாளுக்கும் பெரும் வேறுபாடு உண்டு.

மதுரையிலிருந்து அதிகாலையில் புறப்பட்டு, தேனி, கம்பம் வழியாகக் குமுளி சேர்ந்து, அங்கிருந்து வண்டிப்பெரியாறு, பீர்மேடு, குட்டிக்கானம், ஏலப்பாறை வழியாக வாகமண் செல்வது தங்களுக்கு எளிய வழி. பேருந்து மாற வேண்டியிருக்கும் என்பதால் சுமையைக் குறைத்துக்கொள்ளுங்கள். வழிநெடுகிலும் தேயிலைத் தோட்டங்களில் நம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக வாழ்கின்றன. வழி கேட்கத் தமிழே போதும். லோயர் கேம்ப்பிலிருந்து மேலே வளைவுகள் அதிகம், வெறும் வயிற்றோடும் போகாதீர்கள், வயிறு நிறையவும் உண்ணாதீர்கள்.

காலத்தைப் பொறுத்தவரை டிசம்பர் முதல் பிப்ரவரி வரை சிறந்தது என்பது என் கருத்து. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை அங்கே கடுமையாகப் பெய்யும். பனிமூட்டமும் மண்சரிவும் பாதைகளை அடைத்துவிடக்கூடும், அட்டைகளும் உண்டு. புனித வாரத்தை, குறிப்பாகப் புனித வெள்ளியை, தவிர்த்துவிடுங்கள். அன்று குரிசுமலை உச்சிக்குச் சிலுவைப்பாதை செய்துகொண்டு பெருந்திரளாக மக்கள் ஏறுவார்கள். அது அருமையான திருப்பயணம், ஆனால் தாங்கள் தேடும் தனிமை அந்நாளில் கிடைக்காது. தவக்காலத்தில் செல்வதானால் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள்: சிரிய மரபில் தவக்காலம் நம் திருநீற்றுப் புதனுக்கு இரண்டு நாள் முன்பாக, திங்கட்கிழமையே தொடங்கிவிடுகிறது.

இடம் கேட்பதைத் தங்கும் விடுதியில் அறை பதிவு செய்வதுபோல் எண்ண வேண்டாம். குறைந்தது ஒரு மாதம் முன்னதாக, விருந்தினர் பொறுப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் தங்கள் இருவரின் வயது, பங்கு, வர விரும்பும் நாள்கள், மாற்று நாள்கள், வருவதற்கான காரணம் ஆகியவற்றைச் சுருக்கமாகக் குறிப்பிடுங்கள். கணவனும் மனைவியுமாக வருகிறீர்கள் என்பதை வெளிப்படையாக எழுதி, இருவருக்கும் எவ்வாறு இடம் தர இயலும் என்று கேளுங்கள். துறவியர் மடங்களில் விருந்தினர் பகுதி வேறு, துறவிகள் வாழும் உட்பகுதி வேறு, அந்த எல்லையை மதிப்பது கட்டாயம். பங்குத்தந்தையின் அறிமுகக் கடிதம் ஒன்று உடன் இருந்தால் நல்லது. பதில் வராமல் புறப்பட வேண்டாம்.

உடல்நலத்தை மறைக்காமல் அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள். செபக்கூடத்தில் தரையில் அமர்வதே வழக்கம் என்பதால், மூட்டு வலிக்கு நாற்காலி ஒன்று கிடைக்குமா என்று முன்பே கேட்டுவிட்டால், அங்கே சென்று தயங்கி நிற்க வேண்டியிராது. சர்க்கரை நோய்க்காகத் தங்கள் மருத்துவரிடம் சென்று, விடியுமுன் எழுந்து வெகுநேரம் கழித்துக் காலை உணவு உண்ண நேர்ந்தால் மருந்தை எப்படி மாற்றிக்கொள்வது என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இது சிறிய விஷயம் அன்று. செபத்தின் நடுவே சர்க்கரை இறங்கிவிடுவது ஆபத்து, மலையில் பெரிய மருத்துவமனையும் அருகில் இல்லை. பத்து நாளுக்கான மருந்து, கொஞ்சம் பிஸ்கட், சர்க்கரைப் பொட்டலம், கம்பளிப் போர்வை, டார்ச் விளக்கு ஆகியவை பையில் இருக்கட்டும்.

துறவிகள் தங்களிடம் பேசாமல் கடந்து சென்றால் மனம் வருந்த வேண்டாம். விருந்தினரைக் கிறிஸ்துவாகவே வரவேற்க வேண்டும் என்று கூறும், சிஸ்டர்சியன் துறவிகள் பின்பற்றும் புனித பெனடிக்டின் ஒழுங்கின் அதே 53ஆம் அதிகாரம்தான், பணிக்கப்படாத துறவி விருந்தினரோடு உரையாடக் கூடாது, பணிவோடு வணங்கி ஆசி கேட்டுவிட்டுச் செல்ல வேண்டும் என்றும் கூறுகிறது. இரவுச் செபத்துக்குப் பின் முழு மௌனம். தாங்கள் இருவரும்கூட அந்நேரத்தில் கிசுகிசுப்பதைத் தவிர்த்து, பேச வேண்டியவற்றைப் பிற்பகல் நடையின்போது பேசிக்கொள்ளலாம். துறவி ஒருவரிடம் மனம் திறந்து பேசவோ ஒப்புரவு அருட்சாதனம் பெறவோ விரும்பினால், விருந்தினர் பொறுப்பாளரிடம் முதல் நாளே கேளுங்கள்.

ஐந்து நாளில் வாகமண் புல்வெளியையும் பைன் காட்டையும் பார்த்துவிடலாம் என்று தோன்றும். அதைத் திரும்பும் நாளுக்கு ஒத்திவையுங்கள். முதல் நாள் தூக்கமே பெரும்பகுதி ஆகும், அதற்காகக் குற்றவுணர்வு வேண்டாம். இரண்டாம் நாள் சலிப்பும், அடக்கி வைத்திருந்த அழுகையும் வரக்கூடும். மூன்றாம் நாளில்தான் பெரும்பாலோருக்கு மனம் இடம்பிடிக்கிறது. அதனால்தான் இரண்டு இரவுத் தங்கலை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை. கைப்பேசியை அணைத்து வைத்து, பிள்ளைகளிடம் நாளுக்கு ஒருமுறை குறித்த நேரத்தில் மட்டும் பேசுங்கள். பண்ணையிலோ சமையலறையிலோ சிறு உதவி செய்யலாமா என்று கேட்டுப் பாருங்கள், காய்கறி நறுக்குவதும் அங்கே செபத்தோடு சேர்ந்ததே.

செலவைப் பற்றித் தாங்கள் கேட்கவில்லை, ஆயினும் கடிதத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது. கட்டணம் என்று குறிப்பிடாமல் விருப்பம்போல் காணிக்கை தரச் சொன்னால், எளிய விடுதியில் இருவர் தங்கி உண்ண ஆகும் தொகையையாவது உறையிலிட்டுக் கொடுங்கள். சிஸ்டர்சியன் துறவிகள் தங்கள் கை உழைப்பிலேயே வாழ்பவர்கள்.

இறுதியாகத் தங்கள் தாயாரைப் பற்றி. மலங்கரா குர்பானாவில் ஆறு நினைவு மன்றாட்டுகள் உள்ளன. அவற்றில் கடைசியானது இறந்த விசுவாசிகளுக்கானது. தாயாரின் பெயரையும் இறந்த நாளையும் ஒரு தாளில் எழுதி, அவருக்காக வேண்டுமாறு கேட்டு, முந்தைய மாலையே விருந்தினர் பொறுப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள்.