கக்கத்தில் கைகொடுத்துத் தூக்காதே, கண்ணு

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். போன மாதம் விடியற்காலை வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் நின்றுவிட்டது. ஆஸ்பத்திரியில் 9 நாள் வைத்திருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். தோளைத் தொட்டாலே முகம் சுளிக்கிறார். தண்ணீர் குடித்தால் இருமுகிறார். புறா ரத்தம் தேய்த்தால் சரியாகும், ஆனால் பத்தியம், இங்கிலீஷ் மாத்திரை கூடாது என்கிறார்கள் சொந்தக்காரர்கள். நிறுத்தலாமா? கை கால் பழையபடி வருமா?
- ஒரு வாசகி, குமாரபாளையம்

பதில்: மாத்திரையை நிறுத்தாதே, கண்ணு. பிரஷர் மாத்திரையையும் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுத்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தினால் இரண்டாவது முறை பக்கவாதம் வர வழிவிட்டதாகிவிடும். புறாவையும் விட்டுவிடு, அது பாவம். பழுது கையில் இல்லை, மூளையின் இடது பக்கத்தில் இருக்கிறது. மெயினில் ஃபியூஸ் போயிருக்கும்போது தறிக்கு எண்ணெய் விட்டு என்ன ஆகப்போகிறது?

தோள் வலிக்கு வருகிறேன். கட்டிலிலிருந்து எழுப்பும்போது கக்கத்தில் கைகொடுத்துத் தூக்குகிறீர்கள், சரிதானே? எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது. 20 வருஷத்துக்கும் மேலாக பிசியோதெரபி பார்க்கிறவள் நான். என் அம்மா பக்கவாதத்தில் விழுந்தபோது வெளியூரில் இருந்தேன். திரும்பி வருவதற்குள் பத்து நாள் அப்படியே தூக்கியிருந்தார்கள். காலைவிடத் தோள்தான் அவரை அதிக நாள் அழவைத்தது. தசை தளர்ந்திருக்கும்போது கையின் பாரமே மூட்டைக் கீழே இழுக்கும். நாம் வேறு இழுத்தால் தாங்காது. அதனால் இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டி, அதைப் பிடித்து எழுப்புங்கள். உட்காரும்போது வலது கை தொங்காமல் மடியில் தலையணை வைத்து அதன்மேல் கிடக்கட்டும். சட்டை போடும்போது முதலில் வலது கை, கழற்றும்போது கடைசியில் வலது கை.

இருமலைச் சாதாரணமாக நினைக்காதே. தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகிறது. அது நிமோனியாவில் கொண்டுபோய் விடும். விழுங்குவதை டாக்டரிடம் உடனே காட்டு. படுத்தபடி எதுவும் கொடுக்காதீர்கள். நேராக உட்காரவைத்து, சின்ன ஸ்பூனில், ஒரு வாய் இறங்கிய பிறகே அடுத்தது. சாப்பிட்டதும் வலது கன்னத்துக்குள் சோறு ஒதுங்கியிருக்கிறதா என்று பார். அரை மணி நேரம் சாய்க்காதே.

படுக்கையில் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுவது உனக்குத் தெரிந்திருக்கும்.

பழையபடி வருமா? உறுதியாகச் சொல்ல யாராலும் முடியாது. பெரும்பாலும் கால் முதலில் தேறும், விரல்கள் கடைசி. முதல் மூன்று மாதம்தான் வேகமான காலம், பிறகும் மெதுவாக வரும். ஒரு மாதம் போய்விட்டது, ஊர் ஊராக அலைந்து மிச்சத்தையும் தொலைக்காதீர்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'மக்களைத் தேடி மருத்துவம்' பற்றிக் கேள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம். பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், பிரஷர் மாத்திரையும் வீட்டிலேயே கிடைக்கும். பயிற்சியை எப்படிச் செய்வதென்று அவரிடம் கற்றுக்கொண்டு, அவர் வராத நாளில் நீ செய்ய வேண்டும்.

பேச்சு வரவில்லை என்பதால் அவருக்குப் புரியவில்லை என்று முடிவு கட்டி, அவர் எதிரிலேயே செலவுக் கணக்குப் பேசாதீர்கள். வார்த்தை வராத சிலருக்கு எண்ணிக்கை வரும், பாட்டு வரும். ஒன்று, இரண்டு என்று நீ ஆரம்பித்துப் பார். சோறா, தண்ணீரா, பாத்ரூமா என்று ஒரே மூச்சில் கேட்காமல், ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு, அவர் தலையசைக்கும் வரை காத்திரு.