எந்த மாசம் என்று கேட்டாரே, தம்பி!

கேள்வி: என் அப்பாவின் அம்மாவுக்கு வயது 88. அவருடைய அப்பா ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்திலிருந்து சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடப் போனவர், திரும்பவில்லை. 'அங்கேயே ஒரு சயாம்காரியோடு குடும்பம் நடத்தினார்' என்பதுதான் எங்கள் வீட்டில் பரம்பரையாக வரும் பேச்சு. குடும்ப வரலாறு எழுதலாம் என்று தேசிய ஆவணக் காப்பகத்தில் பழைய கோப்புகளைப் புரட்டினேன். போருக்குப் பிறகு தோட்டத்திலிருந்து எழுதி அனுப்பிய ஒரு பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 'காலரா, ஜூன் 1943' என்று இருக்கிறது. பாட்டி ரத்த அழுத்தத்துக்கும் இருதயத்துக்கும் மாத்திரை எடுப்பவர். நான் காப்பகத்துக்குப் போய்வருவது தெரிந்து, 'எந்த மாசம்னு எழுதியிருக்கா?' என்று ஒருநாள் கேட்டார். 'இன்னும் பார்க்கணும் பாட்டி' என்று சமாளித்துவிட்டேன். பெரியப்பா 'கிளறாதே' என்கிறார். வாட்ஸ்அப்பில் சொந்தக்காரர்களுக்கு மட்டும் சொல்லியிருக்கிறேன். டிசம்பர் குடும்ப விருந்தில் எல்லார் முன்னாலும் திரையில் காட்டலாமா, அல்லது பாட்டிக்குத் தெரியாமலேயே விட்டுவிடலாமா? - வாசகர், செந்தூல்

பதில்: சயாமுக்குப் போய் வராதவர்களைப் பற்றி எனக்கு வரும் கடிதங்களில் உங்களுடையது முதலாவதும் அல்ல, கடைசியும் அல்ல. எல்லாவற்றிலும் 'வயதானவர், தாங்குவாரா' என்ற வரி தவறாமல் இருக்கும். தாங்குவாரா மாட்டாரா என்பதை டாக்டரிடம் கேளுங்கள். நான் வேறொன்றைக் கேட்கிறேன்.

உங்கள் பாட்டி ஏன் மாதத்தைக் கேட்டார்?

இதை நீங்கள் மாத்திரைக்கும் பெரியப்பாவுக்கும் நடுவில் செருகிவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறீர்கள். நான் தாண்டமாட்டேன். அப்பா இன்னொருத்தியோடு வாழ்ந்தார் என்று நம்புகிற மகள், 'அந்தப் பொம்பளை பேர் இருக்கா, பிள்ளைங்க இருக்காங்களா' என்று கேட்பார். மாதத்தைக் கேட்கமாட்டார். மாதம் கேட்பது திதி கொடுக்க. செத்த மாதம் தெரிந்து திதி தெரியாவிட்டால், அந்த மாதத்து அமாவாசையில் கொடுக்கலாம். மாதமும் தெரியாவிட்டால் மகாளய அமாவாசைதான் கதி, ஊரில் உள்ள எல்லாருடைய முன்னோரோடும் சேர்த்து. உங்கள் பாட்டிக்கு இது தெரியும். அப்பா செத்துப்போனார் என்பதும் அவருக்கு எப்போதோ தெரியும் என்பது என் கணிப்பு. அவர் கேட்டது ஒரு மாதத்தின் பெயர். அது உங்கள் பையில் இருந்தது. இல்லை என்றீர்கள்.

'சமாளித்துவிட்டேன்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதைப் பொய் என்பேன். அதுவும் யாரிடம்? அஞ்சாறு வயதில் அப்பா லாரியில் ஏறிப்போனதைப் பார்த்தவரிடம். தாங்கிக்கொள்ளாத ஆளா அவர்? அவர் முகம் மாறுவதை உட்கார்ந்து பார்க்க உங்களுக்குத்தான் தைரியம் இல்லை.

அப்புறம் அந்த வாட்ஸ்அப். சாவுச் செய்திக்கு நம்மிடம் ஒரு வரிசை உண்டு. பெற்ற பிள்ளைக்குச் சொல்லிவிட்டுத்தான் பங்காளிக்கும் சம்பந்திக்கும் ஆள் அனுப்புவார்கள். எண்பது வருஷம் கழித்து வந்தாலும் இழவு இழவுதான். உங்கள் வீட்டில் பேரப்பிள்ளைகளெல்லாம் 'ஆர்.ஐ.பி.' போட்டு முடித்துவிட்டார்கள், பெற்ற மகளுக்கு இன்னும் சேதி போகவில்லை. இதில் டிசம்பரில் திரை வேறு! பிரியாணிக்கும் கேக்குக்கும் நடுவில், அத்தனை பேர் தன்னையே பார்த்துக்கொண்டிருக்க, ஒரு கிழவி தன் அப்பா செத்ததைத் திரையில் பார்க்க வேண்டுமா? அந்த யோசனையை இன்றே விடுங்கள்.

பெரியப்பாவுக்கு என் மரியாதை உண்டு. ஆனால் அவர் பாட்டிக்கு மகன். தாயின் தகப்பன் செத்த சேதியைத் தாய்க்கு மறைக்க எந்த மகனுக்கும் உரிமை கிடையாது. அந்தச் சயாம்காரி கதையை இத்தனை காலம் வீட்டில் ஓடவிட்டதற்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். மலாயாவிலிருந்து 70,000 பேருக்கு மேல், ஜப்பான்காரன் சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட அந்த மரண ரயில் பாதைக்குப் போனார்கள், பெரும்பாலும் நம் தோட்டத்து ஆட்கள். கூலி நாளுக்கு ஒரு வெள்ளி (டாலர்), மூன்றே மாதம் என்று சொல்லிக் கூட்டிப்போனார்கள். அந்தப் பேச்சு எடுபடாமல் போனபின் பிடித்தே ஏற்றினார்கள். சாமான் ரயிலில் சயாமின் பான் போங் வரை, அங்கிருந்து காட்டுக்குள் நடை. 415 கிலோமீட்டர் பாதை, 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. முடிவதற்குள், மழைக்காலத்தில், கொட்டகை கொட்டகையாகக் காலரா. அதே பாதையில் வேலை செய்த வெள்ளைக்காரப் போர்க் கைதிகளிடமாவது டாக்டர்கள் இருந்தார்கள், செத்தவன் பெயரை யாராவது எழுதி வைத்தார்கள். இன்றைக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரிக்குப் போனால் போர்க் கல்லறையில் வரிசையாகச் சுமார் 7,000 கற்கள், பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும். நம் ஆட்களுக்கு அப்படி ஒன்றும் இல்லை. அதே ஊரில் வாட் தாவோர்ன் விகாரையில் பெயர் தெரியாத ஆசியத் தொழிலாளர்களின் எலும்புகளை மொத்தமாகச் சேர்த்து வைத்த ஸ்தூபிதான் இருக்கிறது. அப்படிப் போனவரை 'ஓடிப்போனவர்' என்று பேசியிருக்கிறது உங்கள் குடும்பம். அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டே உங்கள் பாட்டி எல்லாருக்கும் சோறு போட்டிருக்கிறார்.

அங்கே போய்வர உங்களுக்கு ஆசை இருந்தால் போங்கள். பாட்டிக்குச் சொன்ன பிறகு, அவர் போகச் சொன்னால்.

சொல்ல வேண்டிய முறை இதுதான். விசேஷ நாள் வேண்டாம், கூட்டம் வேண்டாம். காலை மாத்திரை போட்டு, பசியாறி முடித்த பிறகு பக்கத்தில் உட்காருங்கள். கைப்பேசியை எடுக்காதீர்கள், நகல் எடுத்த தாளைக் கையில் கொடுங்கள். அவருக்கு ஆங்கிலம் படிக்க வராது என்றால் அந்த ஒரு வரியை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். அன்றைக்குக் கேட்டபோது தெரிந்தே மறைத்தேன் என்பதையும் சொல்லுங்கள். கொட்டகையில் எப்படிச் செத்தார்கள் என்ற விவரமெல்லாம் நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். அவர் கேட்டால் மழுப்பாதீர்கள். அழுதால் அழட்டும், எழுந்து தண்ணீர் கொண்டுவர ஓடாதீர்கள்.

ஆனால் அதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. ஒரே தோட்டத்தில் மூன்று முனியாண்டி இருந்த காலம் அது. கிராணி (தோட்டத்துக் கணக்குப்பிள்ளை) காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதி வைத்த பெயர், ஒத்துப்போவது மாதிரி இருக்கும், வேறு ஆளாக இருக்கும். தோட்டமும் டிவிஷனும் சரிதானா, தகப்பன் பெயரோ கங்காணி பெயரோ அதே கோப்பில் வேறு தாளில் இருக்கிறதா என்று மறுபடி போய்ப் பாருங்கள். அப்படியும் தீரவில்லை என்றால், 'இது நம்ம ஆளாத்தான் இருக்கும், முழுசா நிச்சயமில்லை' என்று பாட்டியிடம் உள்ளபடியே சொல்லுங்கள். ஊர்ஜிதமாகட்டும் என்று இன்னும் இரண்டு வருஷம் காத்திருக்க வேண்டாம், அவருக்கு 88.

ஜூன் என்றால் முன்பாதி வைகாசி, பின்பாதி ஆனி. எந்த அமாவாசை என்பதைப் பாட்டியே முடிவு செய்யட்டும். யார் எள்ளும் தண்ணீரும் விடுவது என்பதையும் அவரே சொல்லட்டும். தானே செய்கிறேன் என்றால் செய்யட்டும். பொம்பளை செய்யக்கூடாது என்று ஐயர் இழுத்தால் வேறு ஐயரைப் பாருங்கள், கோலாலம்பூரில் ஐயருக்கா பஞ்சம்?

ஐயர் மூன்று தலைமுறைப் பெயர் கேட்பார்: இறந்தவர், அவருடைய அப்பா, அவருக்கும் அப்பா. உங்கள் பட்டியலில் ஒன்றுதான் இருக்கிறது. மற்ற இரண்டையும் பாட்டியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த இரண்டாவது பெயரோடு மறுநாளே காப்பகத்துக்குப் போனால், அந்தப் பட்டியலில் இருப்பவர் உங்கள் ஆள்தானா என்பதும் தெரிந்துவிடலாம்.