வரி இறால் குட்டையில் நாக்கு மீன்: மருந்து வேண்டாம், மதகைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, பர்மாவில் மோல்மேன் பக்கத்துக் கடலோர ஊரான கைக்காமிக்குத் தெற்கே எங்கள் இரண்டு ஏக்கர் நெல் நிலத்தில் உப்பு ஏறிவிட்டதால் வரி இறால் விட்டிருக்கிறோம். குஞ்சு விட்டு ஆறு வாரம் ஆகிறது. தீனித் தட்டைத் தூக்கினால் நாக்கு மீன் குட்டிகளும் கூடவே வருகின்றன. சில விரல் நீளம், சில நகத்தளவு. நகத்தளவுக் குட்டிகளில் ஒன்றிரண்டுக்கு ஒரு கண் மண்டை உச்சியில் நிற்கிறது. தண்ணீர் கெட்டு ஊனமாகிவிட்டதா? இறாலைத் தின்றுவிடுமா? மோல்மேனில் தீனி விற்பவர் ஒரு பாட்டில் மருந்தைக் கொடுத்து ஊற்றச் சொல்கிறார். சீன நாக்கு மீன் குஞ்சும் வாங்கித் தருகிறேன், முன்பணம் கொடுங்கள் என்கிறார். என்ன செய்வது?

பதில்: தம்பி, முதலில் அந்தப் பாட்டிலைத் திறக்காதீர்கள்.

கண் உச்சியில் நிற்பது ஊனம் இல்லை. நாக்கு மீன் முட்டையிலிருந்து வரும்போது எல்லா மீனையும் போல நிமிர்ந்துதான் நீந்தும், பக்கத்துக்கு ஒரு கண் இருக்கும். ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்ந்ததும் வலது கண் மண்டையைத் தாண்டி இடது பக்கம் வந்து சேரும். அதற்குப் பிறகு குட்டி தரையில் படுத்துவிடும். நீங்கள் பார்த்தது பாதி வழியில் இருந்த கண். விரல் நீளக் குட்டி ஒன்றைக் கண் மேலே இருக்கும்படி, வயிற்றுப் பக்கம் உங்களை நோக்க வைத்துப் பாருங்கள். தலை இடது கைப் பக்கம் இருக்கும். பக்கத் துடுப்பு இருக்காது. முதுகுத் துடுப்பும் அடித்துடுப்பும் வாலோடு சேர்ந்து ஒரே விளிம்பாக ஓடும். மூக்கு கொக்கிபோல் வளைந்து வாய்மேல் கவிந்திருக்கும். பழுப்பு முதுகில் கருந்திட்டுகள் இருந்தால் அது சிறு வகை, பெரும்பாலும் ஒரு சாணைத் தாண்டாது.

அந்தக் கோணல் வாய் சேற்றில் புழுவையும் பொடிக் கூனியையும் பொறுக்கத்தான். நேற்று விட்ட இறால் குஞ்சு அகப்பட்டால் விடாது என்பது உண்மைதான். ஆறு வார இறாலை அது ஒன்றும் செய்யாது. உங்கள் குட்டையில் திருடன் இருந்தால் அது கொடுவாக் குட்டியாகத்தான் இருக்கும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: குஞ்சு வாங்கி விட்ட குட்டைக்குள் இந்த மீன் எப்படி வந்தது? மதகு வழியாகத்தான். நாக்கு மீன் முட்டை மிதக்கும், அளவு ஒரு மில்லிமீட்டரைச் சுற்றித்தான். மார்த்தபான் வளைகுடாவின் சேற்றுத் தண்ணீரை, கடல் ஏற்றம் பெரிதாக இருக்கும் பெருவெள்ளத்தன்று உள்ளே விடும்போது இதோடு கொடுவா முட்டையும் நண்டுக் குஞ்சும் வருகின்றன. நோய் சுமந்த காட்டு இறாலும் வரும். மதகில் நீங்கள் கட்டியிருப்பது கொசுவலையாக இருக்கும் என்று நினைக்கிறேன். பல பேர் அதைக் கட்டிவிட்டு வடிகட்டியாயிற்று என்று நிம்மதியாகத் தூங்குகிறார்கள். குஞ்சுக்கும் தீனிக்கும் லட்சக்கணக்கில் கொட்டுகிறவர்கள் வலைக்கு மட்டும் கையைச் சுருக்குவது எனக்கு ஒருநாளும் புரிந்ததில்லை. வெளியே முரட்டு வலை, உள்ளே 60 மெஷ் துணியில் நீளப் பை, அதாவது கண் கால் மில்லிமீட்டர். பை குட்டையாக இருந்தால் தண்ணீர் வேகத்தில் கிழியும், நாலைந்து மீட்டராவது விடுங்கள். ஒவ்வொரு முறை தண்ணீர் விட்ட பிறகும் பையை வெளியே எடுத்து, வெயிலுக்கு எதிரே விரித்துப் பாருங்கள். நண்டு கடித்த ஒற்றை ஓட்டை போதும், உங்கள் செலவு முழுவதும் வீண்.

பாட்டிலுக்கு வருகிறேன். மேல்சீட்டு இல்லாமல் 'மீன் கொல்லி' என்று விற்பது பெரும்பாலும் வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்துதான். இறால் பூச்சிக்கு ஒன்றுவிட்ட உறவு. மீனுக்கு முன்னால் அதுதான் சாகும். விற்றவர் அடுத்த வாரம் வந்து வைரஸ் என்று சொல்லி இன்னொரு பாட்டில் தருவார். இந்த அறுவடை முடியும்வரை மீனை அப்படியே விட்டுவிடுங்கள். அடுத்த போகத்துக்குத் தண்ணீரை முழுக்க வடித்து, கால் புதையாத அளவுக்குச் சேறு வெடிக்கும்வரை காயவிடுங்கள். குழியில் தேங்கிய தண்ணீரை மறக்காதீர்கள், நாக்கு மீன் அங்கேதான் சேற்றுக்குள் பதுங்கும். அப்புறம் வலை வழியாக ஒரு மீட்டர் நீர் ஏற்றி, ஏக்கருக்கு 60 கிலோ, அதாவது பர்மா எடையில் சுமார் 37 வீசை, தேயிலை விதைப் புண்ணாக்கை இரவெல்லாம் ஊறவைத்துக் கரைத்து ஊற்றுங்கள். அதிலுள்ள சபோனின் மீனின் செவுளையும் இரத்தத்தையும் கெடுக்கும், இறாலை அந்த அளவுக்குத் தொடாது. மழையில் உப்பு இறங்கிய தண்ணீரில் இதன் வேகம் குறையும், அதனால் உப்பு இருக்கும்போதே செய்யுங்கள். இரண்டு வாரம் கழித்துக் குஞ்சு விடலாம்.

இன்னொன்று. நாளைக்கு ஒரு நாக்கு மீனைப் புரட்டிப் பாருங்கள். அடிப்பக்கம் பால் வெள்ளையாக இருந்தால் சரி. சிவந்தோ புண்ணாகவோ இருந்தால் தீனித் தட்டுக்கு அடியில் சேற்றைக் கிளறி மோந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை வந்தால் தீனியைக் குறையுங்கள். உங்கள் இறாலும் அதே தரையில்தான் நடக்கிறது.

சீனக் குஞ்சு? அங்கே வளர்ப்பது போஹாய் கடல், மஞ்சள் கடல் வகை. அது நம்முடையதைவிடக் குளிர்ந்த தண்ணீரில் வாழும் மீன். அதிலும் பெண்தான் பெரிதாகும். ஆண் ஏணி வைத்தாலும் எட்டாது, பெண்ணின் எடையில் பாதி வந்தாலே அதிகம். குஞ்சிலேயே தண்ணீர் சூடானால் பெண்களில் ஒரு பகுதி ஆணாக மாறிவிடும். நம் சித்திரை வெயிலில் இரண்டு ஏக்கர் குட்டையில் அதை விடச் சொல்பவர் உங்கள் முன்பணத்தைத்தான் வளர்க்கப் பார்க்கிறார். அந்தக் காசுக்கு வலைத்துணி வாங்குங்கள்.

அறுவடையில் கிடைக்கும் நாக்கு மீனைத் தோலுரித்துக் காயவைத்தால் வீட்டுக்கு ஆகும். கொடுவா எத்தனை கிடைத்தது என்று மட்டும் எண்ணி எனக்கு எழுதுங்கள்.