எரிந்தது எந்த ஸ்டாக்? – வியாபாரக் கணக்கு கேள்வி-பதில்

மார்ச் முடிந்த கையோடு கடிதங்கள் வந்து குவிந்திருக்கின்றன. பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: வருடக் கடைசி ஸ்டாக்கை எப்படிப் போடுவது? ஒன்றுபோல் இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். தொகைகளை முழுமையாக்கியிருக்கிறேன், பைசாவைத் தேடாதீர்கள்.

திருச்சி, ஹார்டுவேர் கடை: மார்ச் 31 அன்று டேலியில் (கணக்கு எழுதும் சாப்ட்வேர்) பேங்க் இருப்பு 4,98,000. பேங்க் ஸ்டேட்மென்டில் 3,86,000. கணக்கு எழுதும் தம்பி வித்தியாசத்தை அனாமத்துக் கணக்கில் போட்டுவிடலாம் என்கிறார். போடலாமா?

கூடாது. அனாமத்து என்பது காரணம் தெரியாத தொகை ஒரு நாள் இரண்டு நாள் தங்கிப் போகும் சத்திரம். உங்கள் ஊரில் அங்கேயே குடித்தனம் வைத்துவிடுகிறார்கள்.

முதலில் வித்தியாசம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். உங்கள் புத்தகத்தில்தான் கூடுதல். அப்படியானால் நீங்கள் கொடுத்து இன்னும் பாஸாகாத செக்குகளைத் தேடி இதற்குக் காரணம் சொல்ல முடியாது. அவை பேங்கில்தான் கூடுதலாகக் காட்டும். நீங்கள் தேட வேண்டியவை வேறு. போட்ட செக் வரவாகாமல் நிற்கிறதா? வரவாகித் திரும்பிவிட்ட செக்கைப் புத்தகத்தில் திருப்பி எழுதினீர்களா? பேங்க் பிடித்த வட்டி, கட்டணம் எழுதியாயிற்றா? அப்புறம், கல்லாவில் ஒட்டியிருக்கும் க்யூஆர் அட்டை. 31-ம் தேதி சாயங்காலம் விற்ற யுபிஐ பணம் பல கடைகளுக்கு மறுநாள்தான் மொத்தமாக வருகிறது. கார்டு மெஷின் என்றால் கமிஷன் பிடித்துக்கொண்டு வரும். 10,000 விற்றால் 9,880 என்பது போல. நீங்கள் 10,000 என்றே எழுதி வைத்திருப்பீர்கள். ஒரு வருடத்துக்கு அந்த நூறு, இருநூறு சேர்ந்தாலே ஒரு நல்ல தொகை வரும்.

இனி இதை மாதாமாதம் பாருங்கள். பன்னிரண்டு மாதத்தை ஒரே ராத்திரியில் பார்ப்பவர்களுக்குத்தான் அனாமத்து தேவைப்படுகிறது.

கரூர், ஜவுளி: ஒரு பார்ட்டிக்கு ஆகஸ்டில் கொடுத்த செக் இன்னும் பேங்குக்கு வரவில்லை. வருமானமாக எடுத்துக்கொள்ளலாமா?

செக்குக்கு ஆயுள் மூன்று மாதம். 2012 ஏப்ரல் முதல் அப்படித்தான். செக் செத்தாலும் கடன் சாகாது. பேங்கில் வரவு வைத்து பார்ட்டி பேரில் திரும்பக் கடனாகக் காட்டுங்கள். அப்படியே அவருக்கு ஒரு போன் போடுங்கள்.

ஊர் பெயர் இல்லை: கணக்கில் வித்தியாசம் வருகிறது. எப்படிச் சரி செய்வது?

எந்தக் கணக்கு? எவ்வளவு? எந்தத் தேதியிலிருந்து? "உடம்பு சரியில்லை, மருந்து எழுதுங்கள்" என்று டாக்டருக்குத் தபால் போடுவீர்களா?

சேலம், மளிகை மொத்த வியாபாரம்: சப்ளையர் அனுப்பிய ஸ்டேட்மென்டுக்கும் எங்கள் பேரேட்டுக்கும் 5,400 வித்தியாசம். பில்லெல்லாம் இருக்கிறது.

வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பாருங்கள். 5,400 மீதியில்லாமல் வகுபடுகிறது. எண் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம்: 18,200 என்பதை யாரோ 12,800 என்று அடித்திருப்பார்கள். அப்படி ஒரு பில் இல்லையென்றால் பாதியைத் தேடுங்கள். 2,700-க்கு ஒரு கிரெடிட் நோட்டை (உங்கள் பாக்கியைக் குறைத்து சப்ளையர் அனுப்பும் சீட்டு) பற்று வைக்க வேண்டிய இடத்தில் வரவு வைத்தாலும் சரியாக 5,400 வரும். இரண்டும் இல்லையென்றால் ரேட் குறைப்பு, திருப்பி அனுப்பிய சரக்கு, ரொக்கத் தள்ளுபடி என்று வரிசையாக டிக் அடிக்க வேண்டியதுதான். "பில்லெல்லாம் இருக்கிறது" என்கிறீர்கள். பில் இருக்கும், சரி. திருப்பி அனுப்பிய சரக்குக்கு நீங்கள் போட்ட டெபிட் நோட் இருக்கிறதா?

மதுரை, பிஸ்கட் விநியோகம்: பத்து பெட்டிக்கு ஒரு பெட்டி இலவசம் என்று ஸ்கீமில் வந்த சரக்கு மீதம் இருக்கிறது. இலவசப் பெட்டிக்கு என்ன விலை போடுவது?

எது இலவசப் பெட்டி என்று முத்திரை குத்தி வருகிறதா என்ன? 100 பெட்டி, 440 ரூபாய் வீதம் 44,000 கொடுத்தீர்கள். கைக்கு வந்தது 110. அப்படியானால் ஒரு பெட்டியின் அடக்கம் 400. மீதம் இருக்கும் எல்லாப் பெட்டிக்கும் 400-தான். 110-ஐயும் 440-ல் போட்டால் விற்காமலேயே 4,400 லாபம் வந்து நிற்கும். அதற்கு வரியும் கட்டுவீர்கள்.

விருதுநகர், வரமிளகாய்: வாங்கும்போது இருந்த எடை குடோனில் ஆறு மாதம் இருந்தபின் இல்லை. குறைந்ததை நஷ்டமாக எழுதலாமா? குடோன் வாடகையைச் சரக்கு விலையில் ஏற்றலாமா?

காய்ந்து குறைவது மிளகாயின் குணம். அது தனி நஷ்டம் இல்லை; மிஞ்சிய கிலோவின் தலையில் ஏறும். 4,000 கிலோ, 180 வீதம் 7,20,000. லாரி வாடகை, இறக்குக்கூலி 16,000. மொத்தம் 7,36,000. மறு எடையில் 3,920 கிலோ நிற்கிறது என்றால் இரண்டு சதவீதம் உலர்வு. கிலோ அடக்கம் 187 சொச்சம். உங்கள் இடத்தில் வழக்கமாக எவ்வளவு உலரும் என்பதற்கு நாலைந்து வருட எடைச்சீட்டு வைத்திருங்கள். அதற்கு மேல் குறைந்தால் அது உலர்வு இல்லை. யாரோ மூட்டையில் கை வைத்திருக்கிறார்கள், அல்லது கூரை ஒழுகியிருக்கிறது. அந்தக் கூடுதல் குறைவைத் தனியாக நஷ்டத்தில் எழுதுங்கள். களவு போனது, அழிந்தது, தள்ளுபடி செய்தது எல்லாவற்றுக்கும் எடுத்த ஜிஎஸ்டி கிரெடிட்டை (வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொண்டதை) திருப்ப வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

வாங்கிய சரக்கைச் சும்மா வைத்திருக்கும் குடோன் வாடகையை ஏற்றக் கூடாது. பேங்க் வட்டியையும்தான்.

ஈரோடு, ரெடிமேட் மொத்த விற்பனை: ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து போன் செய்து "குளோசிங் ஸ்டாக் எவ்வளவு போடட்டும்?" என்று கேட்கிறார்கள். போன வருடம் 42 லட்சம் சொன்னோம். கடனுக்காகப் பேங்குக்குக் கொடுத்த மார்ச் ஸ்டாக் ஸ்டேட்மென்டில் 70 லட்சம். லாபம் அதிகம் காட்டாமல் இருக்க எவ்வளவு சொல்லலாம்?

நல்லவேளை, உங்கள் ஊரை மட்டும் எழுதினீர்கள், பெயரை எழுதவில்லை.

இந்தக் கேள்வியை முப்பது வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஸ்டாக் என்பது *சொல்லுவது* இல்லை ஐயா. *எண்ணுவது*. எண்ணாமல் எழுதாதீர்கள். கேட்கிற ஆபீசையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது.

நான் கணக்கெழுதப் பழகிய காலத்தில் ஒரு ஜவுளி மொத்தக் கடைக்குப் போய்வருவேன். முதலாளி நல்ல மனிதர். மார்ச் முடிந்து ஸ்டாக் கேட்டால், சுழலும் மின்விசிறியை ஒரு நிமிடம் பார்ப்பார், "58 போட்டுக்கோப்பா" என்பார். அதே மாதம் பேங்குக்குப் போன தாளில் 90. இன்சூரன்ஸ் பாலிசி 60-க்கு. ஒரு சித்திரை மாதம் ராத்திரி ஒயர் கருகிக் குடோனில் தீப்பிடித்தது. நான் போனபோது தண்ணீர் ஊறிய துணிச் சிப்பங்களிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மறுநாள் இன்சூரன்ஸ் சர்வேயர் வந்தார். மூன்று தாளையும் மேசையில் பரப்பினார். அவர் கேட்டது ஒரே கேள்வி: "இதில் எரிந்தது எந்த ஸ்டாக்?"

முதலாளியால் பதில் சொல்ல முடியவில்லை. 90 என்றால், 90 லட்சம் சரக்கை 60-க்கு இன்சூர் செய்ததாக ஆகும். நஷ்டத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் கிடைக்கும். அதோடு, கணக்கில் இல்லாத 32 லட்சம் எந்தப் பணத்தில் வந்தது என்று வருமான வரிக்காரர்கள் கேட்பார்கள். 58 என்றால், இல்லாத சரக்கைக் காட்டிக் கடன் வாங்கியதாகப் பேங்க் கேட்கும். உண்மையில் எவ்வளவு இருந்தது என்பது அவருக்கே தெரியாது. ஒரு தடவைகூட எண்ணியதில்லை.

இனி உங்கள் கணக்குக்கு வருவோம். ஸ்டாக்கைப் பத்து லட்சம் குறைத்துச் சொன்னால் லாபம் பத்து லட்சம் குறையும், உண்மைதான். ஆனால் இந்த வருடக் கடைசி இருப்புதான் அடுத்த வருட ஆரம்ப இருப்பு. அந்தப் பத்து லட்சம் அடுத்த வருட லாபத்தில் வந்து உட்காரும். அதை மறைக்க அடுத்த வருடமும் குறைக்க வேண்டும், அதற்கடுத்த வருடம் இன்னும் கொஞ்சம். மொத்த லாப சதவீதம் ஒரு வருடம் 9, ஒரு வருடம் 14 என்று ஆடினாலே பார்ப்பவருக்குப் புரிந்துவிடும். பேங்க் தாளுக்கும் கணக்குக்கும் உள்ள வித்தியாசத்தை அதிகாரிகள் மட்டும் பார்ப்பதில்லை. 5 கோடிக்கு மேல் பேங்க் கடன் லிமிட் வைத்திருக்கும் கம்பெனிகளில், பேங்குக்குக் கொடுத்த தாள் புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஆடிட்டரே தன் அறிக்கையில் எழுதியாக வேண்டும். உங்களுடையது கம்பெனி இல்லாமல் இருக்கலாம். கேட்கத் தெரிந்தவர் யாராவது ஒருவர் வராமலா போவார்?

எண்ணும் விதம்: கடையை அடையுங்கள். கடைசிக் கொள்முதல் பில் எண், கடைசி விற்பனை பில் எண் இரண்டையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பில் போட்டுவிட்டு இன்னும் அனுப்பாத சிப்பங்களை ஒதுக்கி வையுங்கள். அவை உங்களுடையவை அல்ல. வாங்கிப் பில் வந்து, லாரியில் இருப்பவை உங்களுடையவை. ஒருவர் எண்ணட்டும், ஒருவர் எழுதட்டும். எண்ணுபவர் கையில் கம்ப்யூட்டர் இருப்புப் பட்டியலைக் கொடுக்காதீர்கள். கொடுத்தால் அவர் எண்ண மாட்டார், டிக் அடிப்பார். எண்ணி முடித்த அடுக்கில் சாக்பீஸால் ஒரு கோடு. அவ்வளவுதான். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை.

விற்காமல் கிடக்கும் பழைய டிசைன்களுக்கு நேர்மையாகவே குறைக்கலாம். 300-க்கு வாங்கிய சட்டை இன்று 120-க்குத்தான் போகும், விற்கும் செலவு 10 என்றால் 110 போடுங்கள். அடக்க விலை, விற்றால் கைக்கு வருவது, இரண்டில் எது குறைவோ அது. ஆனால் ரகம் ரகமாக, காரணம் எழுதி. "மொத்தமாக 20% கழித்தேன்" என்றால் அது மின்விசிறியைப் பார்த்துச் சொன்னதுதான்.

திருப்பூர், நூல்: நாங்கள் வாங்கிய பில் ஜிஎஸ்டிஆர்-2பி-யில் வரவில்லை. கிரெடிட் எடுத்துவிட்டு அடுத்த மாதம் சரி செய்யலாமா?

எடுக்காதீர்கள். 2பி என்பது, சப்ளையர்கள் ரிட்டர்னில் காட்டிய பில்களை வைத்து ஜிஎஸ்டி தளம் உங்களுக்குத் தரும் பட்டியல். 2022 ஜனவரியிலிருந்து அதில் வந்தால்தான் கிரெடிட். ஒவ்வொரு மாதமும் 14-ம் தேதி அது வந்துவிடும். 15-ம் தேதி கொள்முதல் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பாதி கேஸ்களில் சப்ளையர் உங்கள் ஜிஎஸ்டி எண்ணில் ஓர் எழுத்தை மாற்றி அடித்திருப்பார், அல்லது பில் எண்ணை வேறு மாதிரி எழுதியிருப்பார். அவர் ரிட்டர்னே போடவில்லை என்றால் போட வையுங்கள். உங்கள் கடைசித் தேதி அடுத்த நிதியாண்டின் நவம்பர் 30. இன்னொன்று: சப்ளையருக்கு 180 நாளில் பணம் கொடுக்காவிட்டால் எடுத்த கிரெடிட்டை வட்டியோடு திருப்ப வேண்டும். அவரைத் திட்டுவதற்கு முன் அந்தப் பக்கத்தையும் பாருங்கள்.

நாகர்கோவில், பிளம்பிங் சாமான்: டேலியில் சில பொருட்கள் மைனஸில் காட்டுகின்றன. சாப்ட்வேர் பிழையா?

சாப்ட்வேர் மேல் பழி போடாதீர்கள். பெட்டிக் கணக்கில் வாங்கி, எண்ணிக்கைக் கணக்கில் விற்றிருப்பீர்கள். அல்லது ஒரே பொருளுக்கு "எல்போ 1/2", "அரை இஞ்ச் எல்போ" என்று இரண்டு பெயர் இருக்கும். ஒன்றில் வாங்கி மற்றதில் விற்பீர்கள். கொள்முதல் பில்லை ஏற்றும் முன்பே விற்பனை பில் போட்டதாகவும் இருக்கலாம். மைனஸை மறைக்க, இருப்பை மாற்றி எழுதும் ஸ்டாக் ஜர்னல் ஒன்றைப் போட்டுவிடாதீர்கள். எண்ணாமல் எழுதாதீர்கள்.

தஞ்சாவூர்: கடைசியாக வாங்கியது முதலில் விற்றது என்ற முறையில் மதிப்பிடலாமா? விலை ஏறும்போது வரி குறையும் என்கிறார்கள்.

நம் நாட்டில் அந்த முறைக்கு அனுமதி இல்லை. முதலில் வந்தது முதலில் போனது, அல்லது சராசரி விலை. ஒன்றைப் பிடித்தால் வருடாவருடம் அதையே பிடியுங்கள்.

கோபி, உரக்கடை: ஜிஎஸ்டியில் காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் சிறு சதவீதம் வரி கட்டும் முறை) இருக்கிறேன். ஸ்டாக் விலையில் ஜிஎஸ்டியைச் சேர்ப்பதா?

உங்களுக்குத்தான் கிரெடிட் இல்லையே. சேருங்கள்.

காரைக்குடி, ஹார்டுவேர்: மார்ச் 31 அன்று கடை அடைக்க முடியவில்லை. ஏப்ரல் முதல் ஞாயிறு எண்ணினால் செல்லுமா?

செல்லும். எண்ணாமல் விடுவதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. எண்ணிய எண்ணிக்கையோடு ஏப்ரலில் விற்றதைக் கூட்டுங்கள், ஏப்ரலில் வாங்கியதைக் கழியுங்கள். எல்போ 340 இருந்தது, விற்றது 85, வாங்கியது 100 என்றால் மார்ச் 31-ல் 325. அந்த நாட்களில் வாடிக்கையாளர் திருப்பிக் கொண்டுவந்தது ஏதாவது இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். நீங்கள் பெரும்பாலும் அதைப் பில்லில்லாமல் வாங்கி அலமாரியில் வைத்திருப்பீர்கள். கடைப் பையனைக் கேளுங்கள், அவனுக்கு ஞாபகம் இருக்கும்.